கத்தரிக்கொல்லை மண் தேனீ

பாபநாசம் தாலுகாவில் குடமுருட்டி, திருமலைராயன் ஆறுகளை அடுத்த கொல்லைகளிலும் திடல்களிலும் கத்தரி பயிரிடுவோர், வரப்புச் செதுக்குங்கால் கண்ட வளைகளையெல்லாம் வெட்டி அடைத்துவிடுவதுண்டு. எலி வளைக்கும் நண்டு வளைக்கும் அது தக்கதே. ஆயின் அவற்றினிடையே பயிருக்கு உபகாரஞ் செய்யும் ஒரு தேனீயின் வளையும் இருக்கக்கூடும்.

இது நீலவரித் தேனீ. சாஸ்திரப் பெயர் அமெகில்லா சோனேட்டா. 1758-ல் லின்னேயஸ் என்னும் ஸ்வீடன் தேசத்துப் பண்டிதர் இவ்வினத்தை வர்ணித்துப் பெயரிட்டார். நீளம் ஏறக்குறைய அரை அங்குலம். மார்பின்மேல் செம்மஞ்சள் மயிர் அடர்ந்திருக்கும். கரிய வயிற்றின் குறுக்கே வெயிலில் மின்னும் நீலப்பட்டைகள் பெண்ணுக்கு நான்கும் ஆணுக்கு ஐந்தும் உண்டு. அந்தரத்தில் ஒரு கணம் நின்று, சட்டென மறுபூவுக்குப் பாயும். இதனைக் குளவியெனக் கருதி மண்ணெண்ணெய் ஊற்றுவாருமுளர். குளவிக்கு இடை ஒடுங்கியிருக்கும், மயிரும் குறைவு. நீலவரித் தேனீயோ கையிற் பிடித்து நசுக்கினாலன்றிக் கொட்டுவதரிது.

இதன் வளை பென்சில் நுழையுமளவினது. நீரேறாத உலர்ந்த மேட்டுச் சரிவிலும் பழைய மண்சுவரிலும் காணப்படும். எலி வளையின் வாய் இதனினும் மிக அகன்றது. நண்டு வளையோ ஈரத்தில் இருக்கும். வாயைச் சுற்றிச் சேற்றுருண்டைகள் கிடக்கும். இத்தேனீக்கு அரசியுமில்லை, அடையுமில்லை. ஒவ்வொரு பெண்ணும் தனக்கென வளை தோண்டும். எனினும் பல பெண்கள் ஒரே சரிவில் அடுத்தடுத்துக் குடியிருப்பதுண்டு. வளையினுள் சிற்றறைகள் அமைத்து, ஈரம் புகாதபடி பூசி, மகரந்தமும் பூந்தேனுங் குழைத்து நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு முட்டையிட்டு மூடிவிடும். அச்சரிவை வெட்டினால் அடுத்த தலைமுறையே அழியும்.

கத்தரிப்பூவில் தேனில்லை. மகரந்தம் குழல்போன்ற பைகளுள் அடைபட்டு, நுனித் துவாரத்தின் வழியே மட்டும் வெளிவரும். நீலவரித் தேனீ அப்பைகளைக் கவ்விக்கொண்டு, சிறகை விரிக்காமலே பறக்குந் தசைகளால் உடலை அதிரச் செய்ய, மகரந்தம் பொடியாய்ச் சிதறும். ரீங்காரம் அப்போது உரத்துக் கேட்கும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இவ்வித்தை தெரியாது. காற்றசைவினாலும் ஓரளவு காய் பிடிக்குமாயினும், இவ்வாறு அதிர்க்கப்பட்ட பூக்களில் பிடிப்பு மிகும். தக்காளிக்கும் இஃதொக்கும்.

தண்டு, காய் துளைக்கும் புழுவுக்கு மருந்து தெளிப்போர் பூ விரிந்திருக்கும் காலைவேளையை விலக்கல் வேண்டும். வாடித் தொங்கும் நுனிகளைப் புழுவுடன் கிள்ளி அழித்தலும், இனக்கவர்ச்சிப் பொறி வைத்தலும் முதலிற் செய்யத்தக்கன. அவற்றாற் கட்டுப்படாதாயின் பொழுது சாய்ந்தபின் தெளிக்கலாம். ஆண் தேனீக்கள் காய்ந்த குச்சிகளை வாயாற் கவ்வித் தொங்கி இரவில் உறங்குமாதலால், வேலியோரக் குச்சிகளில் மருந்து படாதிருத்தல் நலம்.

திடலிலோ கரையிலோ மண்ணெடுக்க இடங்குறிக்கும் கிராம அதிகாரிகள், வெயிலேறியபின் ஒருமுறை சரிவைப் பார்வையிடலாம். நீலப்பட்டைத் தேனீக்கள் வளைகளுள் புகுந்து வெளிவருமாயின், நாலடி தள்ளி மண்ணெடுக்கச் செய்வது எளிதே.