நோய் பாட்டரிக்கா, டைனமோவுக்கா?

பழைய காரை வீட்டுப் பெரியவரைப் போலப் பேணுவோர் நம் நாட்டில் பலர் உண்டு. அக்கார்களுள் தலையாயது அம்பாசிடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த இக்காரின் உற்பத்தி 2014ஆம் ஆண்டு நின்றுபோனது. இருந்தும் பல வீடுகளில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இத்தகைய கார் ஒருநாள் காலையில் கிளம்ப மறுத்தால், "பாட்டரி போய்விட்டது" என்று எல்லாரும் ஒரே குரலில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புதியது வாங்குகிறார்கள். சில நாட்களில் புதியதும் படுத்துவிடுகிறது! நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுத்ததன் பலன் இது. இயற்பியல் பாடத்தில் நாம் படித்த மின்னோட்டவியலைக் கொண்டே இந்நோயை ஆராயலாம்.

தொட்டியும் பம்பும்

நம் வீட்டு மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்வோம். பாட்டரி என்பது தொட்டி. எஞ்சின் சுழலும்போது மின்சாரம் தரும் டைனமோ என்பது பம்பு. தொட்டியில் நீர் இல்லையென்றால் காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும். தொட்டி ஓட்டையாக இருக்கலாம், குழாய் அடைத்திருக்கலாம், எங்கோ ஒரு குழாயை மூடாமல் விட்டிருக்கலாம், அல்லது பம்பு வேலை செய்யாமல் இருக்கலாம். காரிலும் இந்த நான்கையே வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் பாதுகாப்பு

பாட்டரியில் கந்தக அமிலம் உண்டு. சார்ஜ் ஏறும்போது எளிதில் வெடிக்கும் ஹைட்ரஜன் வாயு வெளியாகும். ஆகவே அருகில் தீக்குச்சி கூடாது. வளையல், மோதிரங்களைக் கழற்றிவிட வேண்டும். பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். கேபிள்களைக் கழற்றும்போது காரின் உடலோடு இணைந்த எர்த் கேபிளை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் கவனிக்க வேண்டும். எர்த் கழன்றிருந்தால், ஸ்பானர் உடலில் பட்டாலும் மின்சுற்று முழுமை அடையாது, தீப்பொறியும் எழாது. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் நேர்முனையே எர்த் ஆக இருக்கும். இதை அறியாமல் பாட்டரியை மாற்றி மாட்டிவிடலாகாது.

பாட்டரிச் சோதனை

12 வோல்ட் பாட்டரியில் ஆறு செல்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும். காரைச் சில மணி நேரம் ஓட்டாமல் நிறுத்திவிட்டு அளந்தால், நிறைந்த பாட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழ் என்றால் வெறுமை. பிறகு ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்களின் ஒப்படர்த்தியையும் அளக்க வேண்டும். ஆறும் ஏறக்குறைய ஒன்றாகக் குறைந்திருந்தால் பாட்டரி பட்டினி கிடக்கிறது என்று பொருள். சார்ஜ் செய்தால் பிழைக்கலாம். ஐந்து நன்றாயிருந்து ஒன்று மட்டும் மிகத் தாழ்ந்திருந்தால் அந்தச் செல் பழுது. அப்போதுதான் புதிய பாட்டரி தேவை.

இணைப்புச் சோதனை

விளக்கு பிரகாசமாக எரிகிறது. ஸ்டார்ட்டர் மட்டும் சுழலவில்லை. இது எப்படி? ஓம் விதி விடை சொல்கிறது. பூஞ்சை பிடித்த ஓர் இணைப்பின் மின்தடை 0.02 ஓம் என்று வைத்துக்கொள்வோம். விளக்குகளுக்கு 4 ஆம்பியர் போதும், இழப்பு 0.08 வோல்ட்தான். ஸ்டார்ட்டரோ 150 ஆம்பியர் கேட்கும். 150 × 0.02 = 3 வோல்ட் அந்த இணைப்பிலேயே தொலைந்துவிடும்! முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, இறுக்கி, வாசலின் தடவினால் போதும். எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையேயுள்ள எர்த் பட்டையையும் மறக்கலாகாது.

கசிவுச் சோதனை

எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளையும் மூடிவிட்டு, எர்த் கேபிளைக் கழற்றி, அதற்கும் பாட்டரி முனைக்கும் இடையே அம்மீட்டரை இணைக்க வேண்டும். அப்போது ஸ்டார்ட்டரை இயக்கலாகாது, மீட்டர் பழுதாகும். கடிகாரம் முதலியவை இல்லாத காரில் முள் அசையவே கூடாது. அரை ஆம்பியர் காட்டினால் நாளொன்றுக்கு 12 ஆம்பியர்-மணி வீணாகிறது. 48 ஆம்பியர்-மணி பாட்டரி நான்கே நாளில் காலியாகும். பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால், எதைக் கழற்றும்போது முள் விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு.

டைனமோச் சோதனை

முதலில் பேன் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய அரை அங்குலம் அமுங்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால் வழுக்கும். மெதுவான ஓட்டத்தில் டைனமோ சார்ஜ் செய்யாது. சிவப்பு விளக்கு எரிவது இயல்பே. வேகம் கூடியதும் அது அணைய வேண்டும். அப்போது பாட்டரி முனைகளில் 14 வோல்ட்டை ஒட்டி இருந்தால் நலம். 12.6க்கு மேல் ஏறாவிட்டால் சார்ஜ் இல்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை. பாட்டரி நீர் கொதித்து வற்றும்.

சார்ஜ் இல்லையென்றால் குற்றவாளி டைனமோவா, ரெகுலேட்டரா? எஞ்சினை நிறுத்தி, டைனமோவின் டி, எப் முனைகளிலுள்ள ஒயர்களைக் கழற்றி, அவ்விரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைக்க வேண்டும். அந்தக் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட்மீட்டரை வைத்து, எஞ்சின் வேகத்தை மெல்ல உயர்த்த வேண்டும்; விரட்டலாகாது. முள் விரைவாக 12ஐத் தாண்டி ஏறினால் டைனமோ நிரபராதி. ரெகுலேட்டரையும் ஒயர்களையும் பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் டைனமோவின் கார்பன் பிரஷ்களிலிருந்து தேடலாம். ஆல்டர்னேட்டர் பொருத்திய கார்களுக்கு இந்தச் சோதனை அறவே கூடாது.

முடிவுரை

ஒரு வோல்ட்மீட்டர், ஓர் அம்மீட்டர், ஒரு ஹைட்ரோமீட்டர், சற்றே பொறுமை: இவையே இம்மருத்துவத்தின் கருவிகள். கார் நின்றுபோனால் பின்னாலிருந்து தள்ளுவதற்கு வீட்டுப் பெண்களையும் அழைக்கிறார்கள். பானட்டைத் திறந்து காரணம் காண மட்டும் அழைப்பதில்லை. தோழியரே, ஓம் விதி ஆண்களுக்கென்று தனியாக எழுதப்பட்டதன்று. அடுத்த முறை "பாட்டரி போய்விட்டது" என்ற குரல் கேட்கும்போது, "அளந்து பார்த்தீர்களா?" என்று பணிவோடு கேட்போம். வீட்டுப் பணமும் மிஞ்சும். பாடமும் பயன் தரும்.

(பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு)