மழைக்கு முன் வீட்டு வயரிங்குக்கு ஒரு செக்கப்

கூடலூரிலிருந்து நிலம்பூர் போகிற சாலையில், மலை இறங்கத் தொடங்கும் இடம் நாடுகாணி. ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவமழை. சுவரெல்லாம் ஓதம் ஏறும். குளிருக்குக் கீசரும் ஓடும். "குழாயைத் தொட்டா லேசா சுர்ருங்குது" என்று யாராவது சொன்னால் சும்மா விடாதீங்க. உடனே மெயினை அணைத்து, வயரிங்கைச் சோதிக்க வேண்டிய நேரம் அது.

மீட்டர் வரை மின்வாரியத்தின் பொறுப்பு. அதற்குப் பிறகு உள்ள வயரிங் நம் பொறுப்பு.

"எம்.சி.பி. இருக்கே, போதாதா?"

போதாது. 3000 வாட் கீசர் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு மேல் போனால்தான் விழும். ஆனால் மனித உயிருக்கு ஆம்பியரில் ஆயிரத்தில் சில பத்துப் பங்கே ஆபத்து. அந்தச் சின்னக் கசிவு எம்.சி.பி.க்குத் தெரியாது. ஆர்.சி.சி.பி.க்குத் தெரியும். ஃபேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு ஏற்றது 30 மில்லி ஆம்பியர் வகை.

உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் எதையெல்லாம் பார்ப்பார்?

1. மீட்டர் போர்டு: லூஸ் இணைப்பு, கருகிய வயர், கருகல் வாடை.

2. மெக்கர் சோதனை: மெயினை அணைத்து, பிளக்குகளைக் கழற்றிவிட்டு, 500 வோல்ட்டை ஒரு நிமிடம் செலுத்துவார். வயருக்கும் எர்த்துக்கும் இடையே குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். ஓதம் ஏறிய வயரிங் இதில் மாட்டிக்கொள்ளும்.

3. எர்த்: ஒவ்வொரு பிளக்கிலும் எர்த் வருகிறதா, எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கிறதா.

4. கீசர்: 16 ஆம்பியர் பிளக், தெர்மோஸ்டாட், அழுத்தம் கூடினால் திறக்கும் சேஃப்டி வால்வு.

5. மோட்டார்: வெளியே மழையில் நனையும் கேபிள் ஜாயிண்ட்.

கேஸ் இணைப்பை ஏஜென்சி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கேஸ் கீசரைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் வைக்கவே கூடாது. அதில் உருவாகும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

நீங்களே செய்யக்கூடியது

மாதம் ஒருமுறை, கரண்ட் இருக்கும்போது ஆர்.சி.சி.பி.யில் உள்ள 'டெஸ்ட்' பட்டனை அழுத்துங்க. உடனே விழணும். விழலைன்னா மாத்திடுங்க. ஆனால் பட்டன் வேலை செய்வதாலேயே எர்த் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

"மழை வந்தாலே விழுதுங்க, டைரக்ட் பண்ணிட்டோம்" என்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அது பழுதில்லை, எச்சரிக்கை. எங்கே கசிகிறது என்று தேடிச் சரிசெய்யுங்கள்.

போனில் சேமித்து வையுங்கள்

மின்கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல், மின்னகம்: 94987 94987.
கேஸ் கசிந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து: 1906.