இருப்பது 40 மைக்ரான்

அன்புள்ள தம்பிக்கு,

கொண்டாப்பூரில் கார் டீடெய்லிங் கடையில் சேர்ந்து, பாலிஷ் மெஷினைப் பிடிக்கத் தொடங்கிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. மெஷின் கைக்கு வந்த புதிதில் எந்த பானெட்டைப் பார்த்தாலும் ஓட்டிப் பார்க்கத் தோன்றும். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

கம்பெனியிலிருந்து வரும் வண்டியில் தகரத்துக்கு மேலே உள்ள பூச்சு முழுவதும் சேர்ந்தே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான். அதில் மேலாக இருக்கும் கிளியர் கோட் சுமார் 40. ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. பளபளப்பும் அதில்தான், வெயிலைத் தாங்கும் மருந்தும் அதில்தான். பாலிஷ் போட்டால் கீறல் நிரம்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள நல்ல பெயிண்டையும் தேய்த்து இறக்குகிறோம், அவ்வளவுதான். போனது திரும்பாது. கம்பெனியில் வெறும் பாடியை 140 டிகிரி அளவு சூட்டில் வேகவைத்துப் பெயிண்டைக் கெட்டிப்படுத்துகிறார்கள். வயரும் பிளாஸ்டிக்கும் பூட்டிய வண்டியை எந்த பெயிண்ட் பூத்திலும் அப்படிச் சுட முடியாது. ஆகவே, எவ்வளவு குறைவாக எடுக்கிறாயோ அவ்வளவு நல்ல வேலைக்காரன் நீ.

முதலில் கீறலைப் படித்துப் பார். வண்டியைக் கழுவித் துடைத்தபின் நகத்தைக் குறுக்கே ஓட்டு. நகம் சிக்கினால் பெரும்பாலும் அது பாலிஷுக்கு அடங்காது. சாம்பலோ வெள்ளையோ தெரிந்தால் பிரைமர் வரை போயிருக்கிறது; டச்சப்தான் வழி. பார்க்கிங்கில் உரசிய பல கோடுகள் கீறலே அல்ல, எதிர்வண்டியின் பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருப்பது. தார் நீக்கும் திரவத்தை ஊறவிட்டுத் துடைத்தாலே பாதி மறைந்துவிடும். அப்புறமும் மெஷின் வேண்டுமென்றால், மென்மையான பேடு, மெல்லிய பாலிஷ், ஒரு சாண் இடம். அதில் தீராவிட்டால் மட்டும் ஒரு படி ஏறு. கரடான காம்பவுண்ட் பாலிஷில் தொடங்குகிற பழக்கம் வேண்டாம். பாடி லைன்களிலும் ஓரங்களிலும் பேடின் அழுத்தமும் சூடும் ஒரே கோட்டில் குவிந்து நொடியில் நிறம் தெரிந்துவிடும், டேப் ஒட்டிக்கொள். பம்பர் பிளாஸ்டிக், சூடு தகரத்தில் பரவுவதுபோல் அதில் பரவாது. முடிந்ததும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்துப் பார். மெழுகும் எண்ணெயும் மூடி வைத்திருந்த கீறல்கள் அப்போதுதான் தெரியும். அப்படித் துடைத்துப் பார்க்காமல் டெலிவரி கொடுப்பது ஏமாற்று.

இனி உன் ஊர் விஷயம். ஹைதராபாத் நிற்பதே 250 கோடி ஆண்டு பழைய கிரானைட் மேல்தான். துர்கம் செரு ஏரியைச் சுற்றி இன்னும் மிஞ்சியிருக்கும் பாறைகளைப் பார்த்திருப்பாய். அந்தப் பாறையை கோக்காப்பேட்டையிலும் நார்சிங்கியிலும் உடைத்துத்தான் அடுக்குமாடிகளுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். அந்தத் தூசியில் குவார்ட்ஸ் இருக்கிறது. கனிமங்களின் மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7; கண்ணாடியையே கீறும். அதன் முன்னால் கிளியர் கோட் எம்மாத்திரம்? விடிகாலையில் வாட்ச்மேன் ஒரே பக்கெட் தண்ணீரில் ஒரே துணியை நனைத்துப் பத்து வண்டி துடைக்கிறார். வெயிலில் சிலந்தி வலைபோல் தெரிகிற வட்டக் கோடுகள் பெரும்பாலும் இப்படி வந்தவைதான். அவரைக் குறை சொல்லாதே. மாதச் சம்பளத்தில் அவருக்கு யாரும் இரண்டாவது பக்கெட் வாங்கித் தரவில்லை. வண்டிக்காரரிடம் பேசு. துடைக்கும் முன் தண்ணீர் அடித்துத் தூசியை இறக்க வேண்டும், ஷாம்புவுக்கு ஒன்று அலச ஒன்று என இரண்டு பக்கெட் வேண்டும், பனியன் வேஸ்டுக்குப் பதில் மைக்ரோஃபைபர் துணி வேண்டும். போர் தண்ணீரானால் காயுமுன் துடைத்துவிட வேண்டும், இல்லையேல் உப்புக் கறை படியும். தூசியோடு கவர் போட்டால் காற்றில் கவரே உப்புத்தாளாகிவிடும் என்பதையும் சொல்.

செராமிக் கோட்டிங் பற்றி உண்மையைச் சொல். டப்பாவில் போட்டிருக்கும் 9ஹெச், பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. மோஸ் அளவு அல்ல. இரண்டொரு மைக்ரான் பூச்சு அழுக்கு ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும், கழுவுவதை எளிதாக்கும். கல் தெறிப்பையும் சாவிக் கோட்டையும் அது தடுக்காது. அதற்கு 200 மைக்ரான் அளவுள்ள பிபிஎஃப் என்ற பெயிண்ட் பாதுகாப்புப் படலம் ஒட்ட வேண்டும். முழு வண்டிக்குக் கட்டுப்படி ஆகாதவருக்கு பானெட், பம்பர், கதவுக் கைப்பிடிக் குழிகள் மட்டும் போதும்.

அடுத்த சம்பளத்தில் இன்னொரு மெஷின் வாங்காதே. பெயிண்ட் தடிமன் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கு. ஒவ்வொரு பேனலிலும் வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து, இரண்டு எண்களையும் பில்லிலேயே எழுதிக் கொடு. அந்த வண்டி நாளை இன்னொரு கடைக்குப் போனாலும், அங்கே மெஷின் பிடிப்பவனுக்கு அது பயன்படும்.

அன்புடன்,
உன் அண்ணன்
செகந்திராபாத்