ஓடுற தூண்டில்

தோழிகளே, தூண்டில் என்றால் கரையில் குந்திக்கொண்டு காத்திருப்பது என்றுதானே நினைக்கிறோம்? வஞ்சிரத்துக்கு அது சரிப்படாது. அது ஓடுகிற சின்ன மீனைத் துரத்திப் பிடிக்கிற மீன். அதனால் தூண்டிலும் ஓடணும்.

கட்டுமரத்தில் பாய் விரித்தோ துடுப்பு போட்டோ போகும்போது பின்னால் நீளமாக நரம்பு விட்டு இழுத்துக்கொண்டே போவார்கள். முள்ளில் இரை மீனோ மினுக்குகிற தகடோ இருக்கும். (விசைப்படகு இழுக்கிற வலை வேறு, குழம்ப வேண்டாம்.) மெதுவாகப் போனால் இரை கீழே இறங்கிவிடும். ரொம்ப வேகம் என்றால் தண்ணீர் மேலே துள்ளும், மீன் நம்பாது. வஞ்சிரத்தின் பல் நரம்பை அறுத்துவிடும் என்பதால் முள்ளுக்கு முன்னால் கொஞ்சம் கம்பி கட்டணும்.

பழவேற்காட்டில் என் தாத்தா ஒருநாள் நரம்பைக் கையில் சுற்றி வைத்திருந்தார். மீன் இழுத்த இழுப்பில் விரல் எலும்பு வரை அறுத்துவிட்டது. "கையில மட்டும் சுத்தாத, மரத்துல கட்டு" என்று இன்றும் சொல்வார்.

வட அமெரிக்காவில் கயாக் என்ற ஒல்லிப் படகில் இதே மாதிரி இழுத்து சால்மன் பிடிக்கிறார்கள். பனி நாட்டு இனுயிட் மக்கள் தோல் போர்த்திச் செய்த படகு அது. சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பும். நம் பக்கம் 'இந்தியன் சால்மன்' என்று விற்பது காலா மீன். அது சால்மன் இனமே இல்லை!