ஒப்பந்த ஆட்சியும் தரவுத்தளமும்

கட்டடம் எழுப்புவோர் கல்லை அடுக்குகின்றனர். அதனை வடிவமைத்த அலுவலகமோ கடிதங்களை அடுக்குகின்றது. வரைபடம் அனுப்பிய நாள், ஒப்பந்தகாரர் எழுப்பிய ஐயம், பொறியியலாளர் விடுத்த மாற்றக் கட்டளை, கொடுப்பனவுச் சான்றிதழ் ஆகியவற்றை முறைப்படி பேணி, உரியவற்றை உரிய நாளிற் செய்தலே ஒப்பந்த ஆட்சியாம். அதற்குக் கணினித் தரவுத்தளம் துணைபுரியுமாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

நாளின் அருமை

ஆலோசனைப் பொறியியலாளரின் சர்வதேச சம்மேளனமாகிய ‘பிடிக்’ 1999இல் வெளியிட்ட ‘செந்நூல்’ என்னும் ஒப்பந்த நிபந்தனைகளின்படி, மேலதிக காலமோ பணமோ கோரும் ஒப்பந்தகாரர், அதற்குக் காரணமான நிகழ்ச்சியை அறிந்த, அன்றி அறிந்திருக்கவேண்டிய நாளிலிருந்து 28 நாட்களுள் அறிவித்தல் வேண்டும். தவறின் அவ்வுரிமையை இழப்பர். 2017ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இவ்வெல்லை உளது. அறிவித்தல் உரிய காலத்தில் வந்ததா எனத் துணிதற்கு அலுவலகப் பதிவே சான்று. அங்கு ஒரு நாள் பிழைப்பின், ஒருவரது உழைப்பின் பயனே பறிபோகவுங் கூடும்.

ஓரிடத்தில் ஒரு முறை

கடிதங்களை ஒருவரும், கட்டளைகளை மற்றொருவரும், கொடுப்பனவுகளை வேறொருவரும் தத்தம் விரிதாள்களிற் பதிவாராயின், ஒரே கட்டளை மூவிடத்து மூன்று நாட்களுடன் நிற்றல் கூடும். அவற்றுள் எது மெய்?

நம் கல்லூரி இடாப்பை நோக்குக. மாணவன் பெயர் அங்கு ஒரு முறை எழுதப்பெறுகின்றது. பின்னர்ச் சேர்விலக்கமே அவனைச் சுட்டப் போதுமானது. 1970இல், ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கார் கொட் வகுத்தளித்த தொடர்புடைமைத் தரவுத்தள நெறியும் இத்தகையதே. ஒப்பந்தம், கடிதம், கட்டளை, சான்றிதழ் ஒவ்வொன்றற்கும் ஓர் அட்டவணை. ஒவ்வொரு பதிவுக்கும் தனித்த இலக்கம். அதுவே முதன்மைச் சாவி. அவ்விலக்கம் பிறிதோர் அட்டவணையிற் சுட்டப்படுங்கால் அந்நியச் சாவி எனப்படும்.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. ஒரு கட்டளைக்குரிய பணம் பல சான்றிதழ்களிற் பகுதி பகுதியாக வழங்கப்படலாம். ஒரு சான்றிதழிற் பல கட்டளைகளும் அடங்கலாம். ஆதலின் இவ்விரண்டற்கும் இடையே, கட்டளை இலக்கம், சான்றிதழ் இலக்கம், தொகை என்பவற்றைத் தாங்கும் மூன்றாம் அட்டவணை அமைத்தல் வேண்டும். அன்றேல் ஒரு வேலைக்கு இரு முறை பணம் வழங்கவும் நேரும். வழங்காதே விடவும் நேரும்.

வினாவும் விடையும்

இங்ஙனம் அமைத்தபின், “மறுமொழி பெறாத வினாக்கள் யாவை? கட்டளையிட்டும் பணம் வழங்கப்படாத வேலைகள் யாவை?” என வினவின், கணினி நொடியில் விடை பகரும். கெடுநாளைத் தனியே எழுதி வைத்தலாகாது. அது தொடங்கும் நாளைப் பதிந்து, அதிலிருந்து கணிக்கச் செய்தலே நன்று. 1992இல் வெளிவந்த மைக்கிரோசொவ்ட் அக்செஸ் போன்ற மென்பொருள்களால் இவ்வசதி சிறிய அலுவலகங்களுக்கும் எட்டியது.

எனினும், மேசையறையிற் கிடக்கும் கடிதத்தைக் கணினி அறியாது. வடிவமைப்பு அலுவலகம் புகவிருக்கும் மாணவர்காள்! வந்த செய்தியை வந்த அன்றே, ஓரிடத்தில், ஒரு முறை, பிழையறப் பதியுங்கள். எஞ்சியதைக் கணினி செய்யும். இஃதொன்றை நீவிரே செய்தல் வேண்டும்.