குடிக்காதவருக்கும் கல்லீரல் நோய் வருமா?

செரிமான மண்டலப் பாடத்தில், "குடிக்கிறவங்களுக்குத்தானே சார் ஈரல் கெடும்?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இதை நான் மூன்று படிகளில் விளக்குகிறேன்.

முதலில், இரத்த ஓட்டம். குடலிலிருந்து வரும் இரத்தம் நேராக இதயத்துக்குச் செல்வதில்லை. கல்லீரல் போர்டல் சிரை வழியாகக் கல்லீரலை அடைகிறது. கல்லீரல் பெறும் இரத்தத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இதுவே. எனவே, குடல் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் பொருள்களை முதலில் எதிர்கொள்வது கல்லீரல்தான்.

அடுத்து, நொதித்தல். ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுவதை மாணவர்கள் அறிவர். சில பாக்டீரியாக்களும் அவ்வாறே செய்கின்றன. கொழுப்புக் கல்லீரல் நோயாளிகள் பலரின் குடலில், ஆல்கஹாலை மிகுதியாக உண்டாக்கும் கிளெப்சியெல்லா நிமோனியே வகை இருப்பதை 2019இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அதைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் கல்லீரலிலும் கொழுப்பு படிந்தது.

மூன்றாவதாக, இது ஒன்றே காரணமன்று. உடல் பருமன், நீரிழிவு, உணவுமுறை, மரபு ஆகியவற்றுக்கும் பங்குண்டு என்பதை வலியுறுத்துகிறேன்.

நம் வகுப்பில் கல்லீரல் நோயுற்ற பெற்றோரின் பிள்ளையும் அமர்ந்திருக்கலாம். 'ஈரல் நோய் என்றாலே குடி' என்னும் பழிச்சொல்லிலிருந்து அப்பிள்ளையைக் காப்பதும் இப்பாடத்தின் கற்றல் விளைவே.