கடலடிச் சேற்றில் ஒரு மருந்து

அன்புள்ள வாசகருக்கு,

மூளையில் கட்டி வந்திருக்கும் உங்கள் மைத்துனருக்குக் கடல் பாக்டீரியாவிலிருந்து எடுத்த மருந்து உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் படித்த செய்தி பொய்யில்லை, ஆனால் பழையது.

முதலில் அந்த மருந்தின் கதை. ஸ்டிரெப்டோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைத் தந்த மண் பாக்டீரியாக்களின் உறவுக்காரர்கள் கடலிலும் உண்டா? மழை அடித்துக்கொண்டு போய்ச் சேர்த்தவைதாம் அங்கே கிடக்கின்றன என்றே பலரும் நினைத்தார்கள். கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிலையத்தைச் சேர்ந்த வில்லியம் ஃபெனிக்கலும் பால் ஜென்சனும் பஹாமாஸ் கடலடிச் சேற்றை எடுத்துவந்து வளர்த்தபோது, தட்டில் ஆரஞ்சு நிறத்தில் திட்டுகள் எழும்பின. வித்துகள் முற்ற முற்றக் கறுத்தன. கடல் நீர் கலந்த ஊடகத்தில் செழித்த அந்த உயிர், நல்ல தண்ணீரில் வளர மறுத்தது. அது கடலுக்கே உரியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பெயர் சாலினிஸ்போரா.

அதிலிருந்து பிரித்த சாலினோஸ்போரமைடு-ஏ பற்றி 2003-இல் அறிவித்தார்கள். செல்லுக்குள் வேண்டாத புரதங்களை அரைத்துத் தள்ளும் புரோட்டியசோமில் போய் இது ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் தன்னிடமுள்ள குளோரினை உதறிவிடும். பிறகு பிடி விடாது. கழிவு தேங்கிப் புற்றுச்செல் சாகும். அந்தக் குளோரின் வந்தது கடல் உப்பிலிருந்து! குளோரின் இல்லாத அதன் உடன்பிறப்புக்கு வீரியம் மிகக் குறைவு.

இது மூளைக்குள்ளும் நுழையும் என்பதால்தான் அவ்வளவு எதிர்பார்ப்பு. மாரிசோமிப் என்ற பெயரில், கிளியோபிளாஸ்டோமா என்னும் மூளைக்கட்டி வந்த நோயாளிகள் 700-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2021-இல் வந்தது. வழக்கமான சிகிச்சையோடு இதைச் சேர்த்தும் ஆயுள் கூடவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. கசப்பான செய்திதான், உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

இதை வைத்துக் கடலையே கைகழுவிவிட முடியாது. மென்திசுப் புற்றுக்குத் தரப்படும் ட்ராபெக்டெடின் ஒரு கடற்பீச்சியில் கிடைத்தது. உண்மையில் அதைச் செய்வது அந்தப் பிராணிக்குள் குடியிருக்கும் பாக்டீரியா. இந்த மருந்து 2007-லேயே ஐரோப்பாவில் அனுமதி பெற்றுவிட்டது. ஆனால் அது உங்கள் மைத்துனரின் நோய்க்கான மருந்தல்ல.

எனவே மருத்துவர் சொன்ன அறுவை, கதிர்வீச்சு, டெமோசோலோமைடு மருந்து எதையும் இதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். கடல் மருந்து என்று யாராவது குப்பியை நீட்டினால் வாங்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்